பொருள் எண் மூன்று

பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது முடிந்தது.
ஒரு ஜெயம், இரண்டு டிரா,
மிச்சமெல்லாம் பாய்லரில் போட்ட விறகு.

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு
ராக்கியாபாளையம் கட்டிங் ஹாலில் கமிட்டி கூடினோம்.
நாற்காலி ஆறுதான். நான் துணிக்கட்டின் மேல்,
மினிட்ஸ் நோட்டு மடியில்.
மேசையில் கப்பலேற வேண்டிய ஜெர்சிகள்,
எந்த ஊர்ப் பையன் போடப்போகிறானோ, ஒன்பதாம் நம்பர்.
உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊர்
தன் முதுகை மூட ஒரு ஜெயம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"கோச்சை மாத்திப்போடலாமுங்க" என்றார் சாயப்பட்டறை ராமகுட்டி.
"கோயமுத்தூர்ல ஒருத்தன் சும்மாத்தான் இருக்கறான்,
போனைப் போட்டா நாளைக்கே வந்து நிப்பான்.
ஓடாத மோட்டாருக்கு எத்தனை நாளைக்குப் பொட்டு வெப்பீங்க?"

லேபிள் கம்பெனி கருணாம்பாள் சிரிக்கவில்லை.
"போன தையில நடு லாட்ல மாஸ்டரை மாத்துனீங்களே,
ஒரே நேவி புளூ ரெண்டு நேவி புளூவா வந்துச்சே,
நாலாயிரம் பீஸ் இன்னும் என்ர குடோன்லதான் தூங்குது."

"அது துணிங்கம்மிணி. இது பந்து."

"பந்துக்கும் ஷேடு உண்டுங்க."

மாற்ற மூன்று கை.
இருக்க மூன்று கை.
பேனா மூடியைக் கடித்தபடி நான் ஏழாவது.

உண்மையைச் சொன்னால் மாற்றும் பக்கம்தான் வந்திருந்தேன்.
சிலுவைதாசன் தூத்தூர்க்காரர்,
கடல்மணலில் பந்து படித்தவர்.
கோல் வாங்கினாலும் கத்தமாட்டார்,
கையைக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பார்.
அதுதான் எனக்கு ஆத்திரம்.
கத்தினால் என்ன, காசா பணமா?

நேரம் கடத்தத்தான் நோட்டைப் பின்னால் புரட்டினேன்.
ஆடி. பொருள் எண் மூன்று. என் கையெழுத்து:
'ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி
விங்கர் சுக்ரா ஓராவோனுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம் என
கோச் கேட்கிறார். பரிசீலிக்கலாம்.'
ஆவணி: 'கோச் மீண்டும் கேட்கிறார். பரிசீலிக்கலாம்.'
புரட்டாசி: 'கோச்.'
அதோடு நிற்கிறது. டீ வந்திருக்கும்.

அறுபதாம் நிமிடம் ஆனால்
சுக்ராவின் கால் நின்றுபோகும்.
"ஓடுறா, தண்டத்துக்குத் திங்கறியா" என்று
வேலியோரம் கத்தியவர்களில் நானும் ஒருவன்.
காலை ஆறுக்கு சாயத்தொட்டியை விட்டு இறங்கி
பத்துக்கு பஸ் ஏறி
மூன்றரைக்கு பூட்ஸ் கட்டியவன்.
காலுறை கழற்றினால் நகக்கண்ணெல்லாம் நீலம்.

சத்தமாகப் படித்தேன், மூன்று மாசத்தையும்.
ஃபேன் மட்டும் சுற்றியது.
யாருடைய பட்டறை என்று நான் சொல்லவில்லை.
ராமகுட்டி போனைத் திருப்பித் திருப்பி வைத்தார்.
"ஆளே கெடைக்கறதில்ல, நானென்னுங்க பண்றது?"
அதுவும் பொய்யில்லை.

கோச்சை மாற்றலாமா கூடாதா,
எனக்கு இன்னும் தெரியாது.
பந்து தெரிந்தவனில்லை, கணக்குத் தெரிந்தவன்.
ரெண்டு புள்ளியை ஒண்ணா அழிச்சா
எது தப்புன்னு தெரியாமப் போயிருமுங்க, என்றேன்.
மொதல்ல ஷிப்ட்டை மாத்துங்க.
ரெண்டு ஆட்டம் பாக்கலாம்.
பொறவு கோச்சை மாத்துங்க, வேணும்னா என்னையுஞ் சேத்தி.

அடுத்த ஞாயிறு கரூரோடு.
தோற்றோம், இரண்டுக்கு ஒன்று.

அந்த ஒன்று
எண்பத்தேழாம் நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து வந்தது.
சுக்ரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.
சிலுவைதாசன் முதல் தடவையாகக் கத்தினார்.
கடற்கரைப் பேச்சு, எங்களில் யாருக்கும் புரியவில்லை.

"தோத்தாச்சில்லீங்க?" என்றார் ராமகுட்டி, வண்டியை எடுத்தபடி.
ஆச்சுங்க.
இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி.

நோட்டில் பொருள் எண் மூன்று எழுதி
எதிரில் இரண்டு வரி
இடம் விட்டு வைத்திருக்கிறேன்.